வீட்டிலேயே ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் பிரெஞ்சு ரொட்டி: தருமபுரி, கிருஷ்ணகிரி சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் போகிற வழியில் ஐயங்கார் பேக்கரி போர்டுகளுக்குக் குறைவே இல்லை. தேங்காய் பன், பப்ஸ், பஞ்சு மாதிரி மில்க் பிரெட் எல்லாம் கிடைக்கும். மேலே மொறுமொறுவென்று தோல், உள்ளே கோணல்மாணலான ஓட்டைகள், இனிப்பே இல்லாத சுவை என்று இருக்கும் அந்த நீள பிரெஞ்சு ரொட்டி மட்டும் சுலபத்தில் கையில் சிக்காது. பாண்டிச்சேரியில் இருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாக நேராக நம்மூருக்கு ஒரு நெடுஞ்சாலை வருகிறதுதான். ஆனால் அங்கே வாங்கிய ரொட்டி பஸ்ஸில் இங்கே வந்து சேர்வதற்குள் தோல் தொய்ந்துபோய் வேறு பண்டமாகிவிடும். வீட்டில் செய்வதுதான் வழி, அது நினைப்பதை விட சுலபம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது பாரிஸ் பேக்கரிக்காரர் செய்கிற அசல் பகெத் (அந்த நீள ரொட்டிக்கு அங்கே இதுதான் பெயர்) கிடையாது. பிரான்ஸில் இதற்கென்று 1993-இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்று சொல்லி விற்க வேண்டுமானால் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவைதான் அடிப்படை. ரசாயனக் கூட்டுப்பொருள் கூடாது, மாவை எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. 2022-இல் யுனெஸ்கோவும் பகெத் செய்யும் கைப்பக்குவத்தைத் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அங்கே நல்ல பேக்கரிகளில் மாவை மணிக்கணக்கில், சில இடங்களில் ராத்திரி முழுக்க, மெதுவாகப் புளிக்க விடுகிறார்கள், ருசி அந்தப் பொறுமையில்தான் வருகிறது. நாம் செய்யப்போவது அதன் அவசரக்காரத் தம்பி. கொஞ்சம் சர்க்கரை, ஒரு ஸ்பூன் எண்ணெய், ஈஸ்ட் சற்றே தூக்கலாக. ருசியில் ஒரு படி கீழேதான். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாவில் கை வைத்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு ரொட்டி தயார்.

பன்னில் பால், வெண்ணெய், சர்க்கரை எல்லாம் சேர்ந்து நம் குறையை மூடிவிடும். இதில் மூடுவதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் சரியாக இருந்து, சூடு சரியாக இருந்தால் ரொட்டி வரும். இரண்டில் ஒன்று தவறினாலும் வராது. அதனால் இங்கே அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன், மற்றதை எல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம்.

என்னென்ன வேண்டும்

மைதா 500 கிராம்
தண்ணீர் 320 மி.லி. (கூட ஒரு 20 மி.லி. கைவசம் இருக்கட்டும்)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், அதாவது இரண்டேகால் டீஸ்பூன். வெயில் காலத்தில் 5 கிராம் போதும்
தூள் உப்பு 10 கிராம், ஒன்றேமுக்கால் டீஸ்பூன் வரும்
சர்க்கரை ஒரு டீஸ்பூன்
எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், வாசனை இல்லாததாக இருந்தால் நல்லது

இதில் இரண்டு நடுத்தர ரொட்டி வரும். 28 லிட்டர் ஓடிஜி (வீட்டில் மேடையில் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) என்றால் இரண்டையும் ஒரே தட்டில் இடைவெளி விட்டு வைக்கலாம். 20 லிட்டருக்குக் கீழே என்றால் பாதி அளவில் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது உருண்டையை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு முதல் ரொட்டி வெந்த பிறகு எடுங்கள். கடையில் பார்க்கிற இரண்டடி நீள ரொட்டிக்கு ஆசைப்பட வேண்டாம், வீட்டு ஓவன் தட்டு ஒரு அடிதான்.

எடை மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கப் அளவில் மைதாவை அள்ளினால் தளர்வாக அள்ளும்போது 125 கிராம் வரும், அழுத்தி அள்ளினால் 150 தாண்டும். நான்கு கப்பில் அந்த வித்தியாசம் 100 கிராம், அதற்கப்புறம் தண்ணீர் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

மைதா, ஈஸ்ட்

பாக்கெட்டின் பின்பக்கம் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 10, 11 கிராம் இருந்தால் நல்ல மைதா, 9-க்குக் கீழே இருந்தால் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் சில்லறையாக வாங்குகிறவர்கள் பரோட்டாவுக்கு நன்றாக இழுபடுகிற மைதா எது என்று கேளுங்கள். பரோட்டாவுக்கு வேண்டிய இழுவைதான் இதற்கும் வேண்டும், கடைக்காரருக்கும் அந்தக் கேள்வி சட்டென்று புரியும். கோதுமை மாவில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: கால் பங்கு வரை கலக்கலாம், அதற்கு மேல் போனால் அது நல்ல கோதுமை ரொட்டியாக இருக்கலாம், பிரெஞ்சு ரொட்டியாக இருக்காது.

ஈஸ்ட் இப்போது கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூரில் பெரிய டிபார்ட்மென்ட் கடைகளிலும் கேக் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கிறது. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கேளுங்கள், அதை நேராக மாவில் கலக்கலாம். கொஞ்சம் பெரிய மணிமணியாக இருக்கும் ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்துத்தான் சேர்க்க வேண்டும். பிரித்த பாக்கெட்டை கிளிப் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். நம்மூர் வெயிலில் அலமாரியில் திறந்து வைத்த ஈஸ்ட் சீக்கிரமே வீரியம் குறைந்துவிடும். சந்தேகமாக இருந்தால் கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் சர்க்கரையும் அரை ஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டுப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் நுரை கட்டவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். ஒரு பாக்கெட் ஈஸ்ட்டுக்காக அரை கிலோ மைதாவைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

தண்ணீர்: எந்தத் தண்ணீர், எவ்வளவு சூடு

நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது பழைய கதை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ரொட்டிக்குப் பிரச்சினை ஃப்ளோரைடு இல்லை, கடினத்தன்மைதான். உப்புத்தட்டும் போர் தண்ணீரில் பிசைந்தால் மாவு விறைத்துக்கொண்டு இழுபடாமல் நிற்கும், உப்பி வரவும் நேரம் எடுக்கும். நேர் எதிராக, ஆர்ஓ தண்ணீரில் தாது உப்புகள் ஏறக்குறைய எதுவும் இல்லாததால் மாவு கொழகொழவென்று கையில் ஒட்டும். குடிக்கிற ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீடு என்றால் அதையே எடுங்கள். குளோரின் வாடை தூக்கலாக வந்தால் அரை மணி நேரம் அகலமான பாத்திரத்தில் திறந்து வையுங்கள். போரும் ஆர்ஓவும் மட்டும்தான் இருக்கிறது என்றால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

அடுத்தது சூடு. இணையத்தில் இருக்கும் முக்கால்வாசி செய்முறைகள் 'வெதுவெதுப்பான தண்ணீர்' என்றுதான் தொடங்கும். குளிர் நாட்டில் எழுதியது அது. சித்திரை, வைகாசியில் தருமபுரியில் வெளியே 37, 38 டிகிரி அடிக்கும்போது சமையலறையே ஓவன் மாதிரி இருக்கும், அதில் வெந்நீரும் ஊற்றினால் ஈஸ்ட் தலைகால் புரியாமல் வேலை செய்து, அரை மணி நேரத்தில் மாவு பொங்கி, புளிப்பு வாடை வந்து, ஓவனுக்குள் போகும்போது உப்புவதற்கு அதில் சத்தே மிச்சம் இருக்காது.

பேக்கரிக்காரர்கள் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்றால் பெருக்கினால் 78. இதில் அறையின் சூட்டையும் மைதாவின் சூட்டையும் கழித்தால் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பது வந்துவிடும். மே மாதத்தில் சமையலறை 34, டப்பாவில் இருக்கும் மைதா 33 என்றால் மிச்சம் 11, அதாவது ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீரில் கொஞ்சம் சாதா தண்ணீர் கலந்தது. அதே ஓசூரிலோ தளியிலோ மார்கழி மாதக் காலையில் அறையும் மாவும் 20 என்றால் 38, அப்போதுதான் வெதுவெதுப்பான தண்ணீர். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் வெயிலுக்கு மண்பானைத் தண்ணீரில் இரண்டு ஐஸ் கட்டி, பனிக்காலத்துக்கு விரல் விட்டால் இதமாக இருக்கிற தண்ணீர் என்று நினைவில் வைத்தால் போதும். ஒரு எச்சரிக்கை, 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துப்போக ஆரம்பிக்கும். விரல் பொறுக்காத சூடு ஈஸ்ட்டுக்கும் ஆகாது.

கலப்பதும் பிசைவதும்

அகலமான பேசினில் மைதா, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு நான்கையும் போட்டு உலர்வாகவே நன்றாகக் கலந்துவிடுங்கள். உப்பு பட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், உலர்ந்த மாவில் கலந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. தண்ணீரை ஊற்றி, எண்ணெய் விட்டு, கரண்டியாலோ ஒரு கையாலோ கிளறுங்கள். உலர்ந்த மாவு எங்கும் தெரியக் கூடாது, அவ்வளவு போதும், இப்போது பிசைய வேண்டாம். மூடி வைத்துவிட்டு 15 நிமிஷம் வேறு வேலை பாருங்கள். இந்தக் கால் மணி நேரத்தில் மைதா தண்ணீரைக் குடித்து, அதிலிருக்கும் புரதங்கள் தாமாகவே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளத் தொடங்கும், நம் கைக்கு வேலை பாதியாகும்.

மூடியைத் திறந்தால் மாவு ஒட்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை உடனே மைதா டப்பாவைத் தேடும். இந்த இடத்தில்தான் நிறையப் பேருடைய ரொட்டி கல்லாகிறது. மாவு சேர்க்காதீர்கள். ஒட்டுகிற மாவுதான் நமக்கு வேண்டும். உள்ளே ஓட்டை விழுவதும் தோல் மெல்லிசாக மொறுமொறுப்பதும் அந்த ஈரத்தால்தான். கையை லேசாகத் தண்ணீரில் நனைத்துக்கொண்டோ ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டோ வேலை செய்யுங்கள். மேடையில் மாவைப் போட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முன்னே தள்ளி, மடித்து, கால் திருப்பு திருப்பி, மறுபடி தள்ளி, இப்படியே 8 நிமிஷம். மூன்று நான்கு நிமிஷத்தில் ஒட்டுவது குறைந்துவிடும், ஆறாவது நிமிஷத்தில் மேல் வழவழப்பாக ஆகும்.

போதுமா என்று பார்க்க எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெதுவாக நான்கு பக்கமும் இழுங்கள். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கண்ணாடியாகி மேஜை தெரியுமே, அந்தப் பதத்துக்கு வெளிச்சம் ஊடுருவ வேண்டும். சட்டென்று கிழிந்தால் மூடி வைத்து ஐந்து நிமிஷம் ஓய்வு கொடுத்து, இன்னும் இரண்டு நிமிஷம் பிசையுங்கள். மைதா ரொம்ப உலர்ந்ததாக இருந்து மாவு கெட்டியாகத் தோன்றினால் அந்த மிச்சம் 20 மி.லி. தண்ணீரை இப்போது சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம். கூடுதலாக மைதா மட்டும் கூடாது.

முதல் தடவை உப்ப விடுவது

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை உருட்டிப் போட்டு, ஈரத்துணியோ தட்டோ போட்டு மூடுங்கள். நேரம் எவ்வளவு? கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கு ஆக வேண்டும். மே மாத தருமபுரியில் 35, 40 நிமிஷத்திலேயே ஆகிவிடும், ஆடி ஆவணியில் ஒரு மணி நேரம், ஓசூர் பக்கம் தை மாதத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். நேர்ச்சுவர் உள்ள டப்பாவில் போட்டு வெளியே ரப்பர் பேண்ட் மாட்டி வைத்தால் இரண்டு மடங்கு என்பது ஊகமாக இருக்காது. குளிர் காலத்தில் மூடிய ஓடிஜிக்குள் ஒரு டம்ளர் வெந்நீரோடு மாவுப் பாத்திரத்தை வைக்கலாம், ஆனால் ஓவனை ஆன் செய்ய வேண்டாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தருமபுரி ஏறக்குறைய அதில் பாதி. உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் இருக்கும் வாயு கொஞ்சம் தாராளமாகவே விரியும். 900 மீட்டரில் இது பெரிய விஷயம் இல்லைதான், குளிர் அதைச் சரிக்கட்டியும் விடும். இருந்தாலும் வெயில் நாளில் ஓசூரிலும் மாவைக் கண்காணித்துக்கொண்டிருங்கள்.

இங்கே கரன்ட் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவித்திருக்கிற நாளில் இந்த வேலையே வேண்டாம். எதிர்பாராமல் போய்விட்டால் மாவை ஃப்ரிட்ஜில் தள்ளுங்கள், உள்ளே குளிர் இருக்கும்வரை ஈஸ்ட் நிதானமாகிவிடும், கரன்ட் வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

உருவம் கொடுப்பது

மேடையில் கொஞ்சூண்டு மைதா தூவி மாவைக் கவிழ்த்து இரண்டாக வெட்டுங்கள், பிய்க்க வேண்டாம். ஒவ்வொன்றையும் தளர்வாக உருட்டி பத்து நிமிஷம் விட்டால் இழுத்த இழுப்புக்கு வரும். அப்புறம் ஒரு துண்டை எடுத்து விரல்களால் தட்டி நீள்சதுரமாக்குங்கள். பூரிக்கட்டை வேண்டாம், உள்ளே இருக்கும் காற்று முழுதும் போய்விடும். மேல் விளிம்பை நடுவுக்கு மடித்து அழுத்துங்கள், 180 டிகிரி திருப்பி அடுத்த விளிம்பையும் அப்படியே மடித்து அழுத்துங்கள். இப்போது நீளவாக்கில் இரண்டாக மடித்து, சேரும் இடத்தை உள்ளங்கை அடியால் தட்டித் தட்டி ஒட்டுங்கள். மேல்தோல் இழுத்துக் கட்டியதுபோல் விறைப்பாக நிற்க வேண்டும். அந்த விறைப்பு இல்லாவிட்டால் ரொட்டி மேலே எழும்பாமல் பக்கவாட்டில் பரவிவிடும். ஒட்டிய தையல் அடியில் இருக்கும்படி வைத்து, இரண்டு கையாலும் நடுவில் இருந்து வெளிப்பக்கம் உருட்டி தட்டின் நீளத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள்.

பட்டர் பேப்பர் விரித்த தட்டில் நான்கு விரல்கடை இடைவெளி விட்டு வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேப்பரைக் கொஞ்சம் மேடாக மடித்துவிட்டால் பக்கவாட்டில் சாயாது. லேசான ஈரத்துணி போர்த்தி 25 முதல் 30 நிமிஷம், வெயிலில் 20 நிமிஷமே போதும்.

இந்தக் கட்டத்தில் மாவு சொல்கிறதைக் கேட்க வேண்டும். விரல் நுனியில் மைதா தொட்டு ரொட்டியின் ஓரத்தில் அரை அங்குலம் அழுத்துங்கள். குழி உடனே துள்ளி மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக எழும்பி, முழுதும் நிரம்பாமல் சின்னத் தடம் மிஞ்சினால் சரியான நேரம். குழி அப்படியே நின்றால் தாமதமாகிவிட்டது, இனி ஒரு நிமிஷம்கூட வைக்காமல் ஓவனில் தள்ளுங்கள், கீறலையும் லேசாகப் போடுங்கள்.

ஓவன், ஆவி, கீறல்

ரொட்டி இரண்டாவது முறை உப்ப ஆரம்பித்தவுடனே ஓடிஜியைப் போட்டுவிட வேண்டும். மேல் கீழ் இரண்டு ராடும் எரிய, 230 டிகிரி, குறைந்தது 20 நிமிஷம். டயலில் விளக்கு அணைந்துவிட்டது என்று நம்பி உள்ளே வைக்காதீர்கள், காற்றுதான் சூடாகியிருக்கும், சுவரும் தட்டும் சூடாக இன்னும் நேரம் ஆகும். ஓடிஜி 1500, 2000 வாட் இழுக்கும், அதனால் 15 ஆம்ப் பவர் பிளக்கில் மட்டும் மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

ஆவி எதற்கு என்று தெரிந்தால்தான் அதற்காக மெனக்கெடத் தோன்றும். ரொட்டி உள்ளே போன முதல் பத்து நிமிஷத்தில் அதிலிருக்கும் வாயு சூட்டில் விரிந்து ரொட்டியை மேலே தள்ளுகிறது. அந்த நேரத்தில் மேல்தோல் காய்ந்து இறுகிவிட்டால் ரொட்டி எங்கே போகும்? பக்கத்தில் வெடித்துக்கொண்டு வெளியே வரும், இல்லை குட்டையாகவே நின்றுவிடும். உள்ளே ஆவி இருந்தால் அது குளிர்ந்த மாவின் மேல் படிந்து தோலை ஈரமாக, நெகிழ்வாக வைத்திருக்கும். மேலே இருக்கும் மாவுச்சத்து அந்த ஈரத்தில் கூழாகி, பிறகு காயும்போது பளபளப்பாகவும் மொறுமொறுப்பாகவும் ஆகும். பேக்கரி ஓவனில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆவி வரும், நம்முடையதில் கதவு இடுக்கு வழியாக இருக்கிற ஆவியும் போய்விடும்.

அதனால் என் சிபாரிசு, ரொட்டியை மூடி வேகவிடுங்கள். இரண்டு ரொட்டிகளையும் மூடுகிற மாதிரி ஆழமான அலுமினிய ட்ரே ஒன்றோ, ஒரு ரொட்டி என்றால் பிளாஸ்டிக் கைப்பிடி இல்லாத எவர்சில்வர் பாத்திரமோ எடுத்து, ரொட்டியின் மேல் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்துவிடுங்கள். மாவில் இருந்து வருகிற ஈரமே உள்ளே ஆவியாகச் சுற்றும். அப்படிப் பாத்திரம் அமையாவிட்டால் அடித்தட்டில் ஒரு சின்ன இரும்புச் சட்டியை ஓவனோடு சேர்த்துச் சூடாக்கி, ரொட்டியை வைத்த கையோடு அதில் அரை டம்ளர் கொதிநீர் ஊற்றிக் கதவைச் சாத்துங்கள். ஊற்றும்போது கண்ணாடிக் கதவின் மேல் ஒரு காய்ந்த துண்டைப் போர்த்துங்கள், சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ராடு மேலும் சொட்டக் கூடாது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், குபீரென்று அடிக்கும். ஃபேன் இருக்கிற மாடல் என்றால் முதல் பத்து நிமிஷம் ஃபேனை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பாடுபட்ட ஆவியை அதுவே வெளியேற்றிவிடும்.

உள்ளே வைப்பதற்குச் சற்று முன்னால் கீறல். புது ஷேவிங் பிளேடுதான் இதற்கு ஏற்றது, காய் வெட்டும் கத்தி மாவை இழுக்கும். பிளேடை நிமிர்த்திப் பிடிக்காமல் நன்றாகச் சாய்த்து, ரொட்டியின் நீளவாக்கில் சற்றே சரிவாக, மூன்று கோடுகள். ஒரு கோடு முடிவதற்கு முன்பே அடுத்தது தொடங்க வேண்டும். ஆழம் அரை சென்டிமீட்டர். தயங்கித் தயங்கி அறுத்தால் பிசிறடிக்கும், ஒரே வீச்சில் இழுத்துவிடுங்கள்.

மூடியபடி 230 டிகிரியில் 10 நிமிஷம். பிறகு மூடியை, அல்லது தண்ணீர்ச் சட்டியை, எடுத்துவிட்டு 210-க்குக் குறைத்து 14 முதல் 18 நிமிஷம். பாதியில் தட்டை ஒருமுறை திருப்பி வையுங்கள், எந்த ஓடிஜியும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எரிவதில்லை. நிறம் வெளிர்மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம், கருகிவிடுமோ என்ற பயம். கொஞ்சம் துணிச்சலாக இருங்கள். நல்ல செம்பழுப்பு வர வேண்டும், ருசியில் பாதி அந்த நிறத்தில் இருக்கிறது. அடிப்பாகத்தைத் தட்டினால் பொள்ளலாக ஒலிக்க வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருந்தால் நடுவில் 95 டிகிரி.

கம்பித் தட்டில் எடுத்து வைத்துவிட்டு காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். தோல் குளிர்ந்து சுருங்கச் சுருங்க சின்னச் சின்னதாகப் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும், மேலே மெல்லிய விரிசல்கள் ஓடும். இந்தச் சத்தம் வந்தால் தோல் சரியாக வந்திருக்கிறது. அரை மணி நேரம் அறுக்கக் கூடாது. உள்ளே இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கும், சூடாக அறுத்தால் நடுப்பகுதி பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும். இதைச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

ஓவன் இல்லாத வீட்டில்

அடி கனமான அலுமினியக் குண்டானோ இரும்பு வடச்சட்டியோ எடுத்து, உள்ளே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டு நடுத்தர தீயில் 12 நிமிஷம் காயவிடுங்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமனே காயவைக்கக் கூடாது. கால் கிலோ மாவை உருண்டையாகச் செய்து, சின்னத் தட்டில் வைத்து, கீறல் போட்டு உள்ளே இறக்கி 25, 30 நிமிஷம். ஆவி தானாகவே உள்ளே தங்கும், ரொட்டி நன்றாகவே எழும்பும். ஆனால் மேலே சூடு இல்லாததால் வெளுத்துப்போய் இருக்கும். கவிழ்த்துப் போட்டு இன்னும் 8 நிமிஷம் விட்டால் ஓரளவு நிறம் பிடிக்கும். தோல் ஓடிஜி அளவுக்கு வராது. சாப்பிடும் முன் அறுத்து தோசைக்கல்லில் வாட்டினால் அந்தக் குறை தெரியாது.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் பெரும்பாலும் 200, 220 டிகிரியோடு நின்றுவிடும். அதில் செய்யலாம், ஐந்தாறு நிமிஷம் கூடுதலாக ஆகும். சாதா மைக்ரோவேவில் ஆகவே ஆகாது.

தவறினால் எதனால்

உள்ளே கெட்டியாக, ஓட்டையே இல்லாமல் இருந்தால் தண்ணீர் குறைவு, அல்லது உருவம் கொடுக்கும்போது காற்றை எல்லாம் வெளியேற்றிவிட்டீர்கள். தட்டையாகப் பரவினால் இரண்டாவது முறை நேரம் கூடிப்போயிருக்கிறது, இல்லை தோலில் விறைப்பு இல்லை. பக்கத்தில் வெடித்தால் ஆவி போதவில்லை, கீறலும் ஆழம் போதாது. அடி கருகி மேலே வெளுத்தால் தட்டை ஒரு படி மேலே ஏற்றுங்கள். எடுத்தபோது மொறுமொறுப்பாக இருந்து பத்தே நிமிஷத்தில் தொய்ந்துவிட்டால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது, அடுத்த முறை ஐந்து நிமிஷம் கூட வையுங்கள். ஐப்பசி மழையில் மட்டும் எப்படிச் செய்தாலும் சீக்கிரம் தொய்யும், காற்றில் இருக்கும் ஈரத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ராகி கலந்து

நம்மூரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 500 கிராம் மைதாவில் 50 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நைஸாக அரைத்துச் சலித்த கேழ்வரகு மாவு. தண்ணீரை 20 மி.லி. கூட்டிக்கொள்ளுங்கள், ராகி நிறையக் குடிக்கும். ராகியில் இழுவை கொடுக்கிற குளூட்டன் கிடையாது, அதனால் 75 கிராமுக்கு மேல் போக வேண்டாம், உப்பாது. மங்கலான செந்நிறமும் வறுத்த தானிய வாசனையுமாக வரும். மைதா மட்டும் போட்ட ரொட்டியை விட எனக்கு இதுதான் பிடிக்கிறது.

எதோடு சாப்பிடுவது, மிச்சத்தை என்ன செய்வது

பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மென்று பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, பன்னுல சர்க்கரை போடவே இல்லியா?" என்றார். அடுத்த துண்டை ஆட்டுக்கால் பாயாவில் தோய்த்துக் கொடுத்ததும் கேள்வி நின்றுவிட்டது. இந்த ரொட்டிக்குக் குழம்புதான் ஜோடி: தோல் ஊறாமல் நிற்கும், உள்பகுதி சாற்றை உறிஞ்சும். ராயக்கோட்டை தக்காளி மலிவாகக் கிடைக்கும் நாளில் பூண்டு தூக்கலாகப் போட்டுத் தொக்கு செய்து தடவலாம். மாம்பழ சீசனில் செந்தூராவை வெண்ணெயோடு சேர்த்துச் சாப்பிடலாம், இனிப்பு இல்லாத ரொட்டி என்பதால் பழத்தின் ருசி தனியாகத் தெரியும்.

இது செய்த அன்றே சாப்பிட வேண்டிய ரொட்டி. மறுநாளைக்கு என்றால் துணியிலோ காகிதப் பையிலோ சுற்றி வெளியே வையுங்கள், பிளாஸ்டிக் கவர் தோலை ஊறவைத்துவிடும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து மறுபடி இறுகி ரொட்டி சீக்கிரம் வறண்டு போகும். பிரசர்வேட்டிவ் எதுவும் இல்லாததால் ஈரப்பதமான நாட்களில் இரண்டு நாளிலேயே பூஞ்சை வரலாம். அதிக நாளைக்கு என்றால் ஆறியதும் துண்டு போட்டு, காற்றை வெளியேற்றிய கவரில் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்து, மேலே தண்ணீர் தெளித்து, 180 டிகிரியில் ஆறேழு நிமிஷம் வைத்தால் தோல் மறுபடி மொறுமொறுப்பாகிவிடும். காய்ந்துபோன துண்டுகளை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் கட்லெட்டுக்குத் தூள், இல்லாவிட்டால் வெங்காயம், பச்சை மிளகாய், அதே ராயக்கோட்டை தக்காளி போட்டு பிரெட் உப்புமா.

நேரம் இருக்கிற அன்று ருசியை ஒரு படி ஏற்ற ஒரு வழி உண்டு. மேலே சொன்ன 500 கிராமில் இருந்தே 100 கிராம் மைதாவையும் 320-இல் இருந்தே 100 மி.லி. தண்ணீரையும் முந்தின ராத்திரியே ஒரு சிட்டிகை ஈஸ்ட்டோடு கலந்து மூடி வையுங்கள். பனிக்காலத்தில் வெளியே, வெயில் காலத்தில் ஒரு மணி நேரம் வெளியே வைத்து அப்புறம் ஃப்ரிட்ஜில். காலையில் குமிழ் குமிழாக, லேசான பழ வாசனையோடு இருக்கும். அதை மிச்சம் மைதா, தண்ணீரோடு சேர்த்து, ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, சர்க்கரையும் எண்ணெயும் இல்லாமல் அதே முறையில் செய்யுங்கள். ஈஸ்ட் குறைவு என்பதால் முதல் முறை உப்ப அரை மணி நேரம் கூடுதலாக விடுங்கள்.